குடிக்காத பிரைட்டனின் சாட்சி

எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை அழுவதற்குத் தடை ஒன்றும் கிடையாது. குடித்துவிட்டு அழ வேண்டும், அவ்வளவுதான். கடையிலிருந்து வந்து ஓடைமேல் கலுங்குச் சுவரில் உட்கார்ந்து, செத்துப்போன அப்பாவை நினைத்தோ, வழிப்பாதை தராத அண்ணனை நினைத்தோ, ஒன்றையும் நினைக்காமலோ மூக்கு ஒழுக அழலாம். பாவம், மனசில என்னமோ கெடக்கு என்று நாலு பேர் சொல்வார்கள். பைக்கில் நடுவில் உட்கார வைத்து வீட்டில் கொண்டு இறக்குவார்கள். மறுநாள் அவன் மீசையைத் தடவிக்கொண்டு நடப்பான். யாரும் எதையும் கண்டதாகக் காட்டிக்கொள்ளமாட்டார்கள். இவ்வளவு நல்ல ஏற்பாடு இருந்தும் பிரைட்டனால் அதைப் பயன்படுத்திக்கொள்ள முடியவில்லை. அவன் குடிப்பதில்லை. பட்டப்பகலில் கட்டன்சாயா மட்டும் குடித்துவிட்டு அழுவான்.

குலசேகரம் பக்கம் ஜெபசீலன் சாரின் ரப்பர் விளையில் பால் வெட்டுகிறவன் பிரைட்டன். வயது நாற்பத்து மூன்று. பதினாறு வயதில் கத்தி பிடித்தவன். முந்நூற்று இருபது மரத்தையும் வெட்டி, பாலெடுத்து, உறை ஊற்றி, முந்தின நாள் உறைந்ததை ஷீட் அடித்துக் காயப்போட்டுவிட்டு பதினொரு மணிக்கெல்லாம் வீட்டில் கிழங்கு தின்பான். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் பசுவை விற்றால் வாங்கியவன் ஓட்டிக்கொண்டு போகும்போது இவன் அழுவான். முட்டத்திலிருந்து மீன் கொண்டுவரும் கிழவியை பஸ்ஸில் ஏற்றாமல் டிரைவர் வண்டியை எடுத்தால், கிழவி டிரைவரின் ஏழு தலைமுறையையும் திட்டிவிட்டு அடுத்த பஸ்ஸுக்குச் சாவகாசமாக நிற்பாள். பிரைட்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பான். கல்யாண வீட்டில் பெண்ணின் அம்மா அழுவதற்கு முன்பே இவன் தொடங்கிவிடுவதால் இவனைப் பந்தலுக்குப் பின்னால் விறகடுப்புப் பக்கம் நிறுத்துவார்கள். அங்கே புகையென்று சொல்லிக்கொள்ளலாம். ஊரில் இவனுக்கு இடவப்பாதி என்று பெயர். ஜூன் மாதம் பிடித்து விடாமல் பெய்யும் மழைக்கும் அதே பெயர்தான். அந்த மழையையும் பால்வெட்டுகிறவர்களுக்குப் பிடிக்காது.

அடுத்த விளையில் வெட்டுகிற சுயம்புராஜ் ஒருவன்தான் அவனுக்குக் கூட்டு. சுயம்புராஜ் நடைமுறை தெரிந்தவன். ஒரு நாள் நல்ல வழி ஒன்று சொன்னான்.

"மக்கா, ஒரு கால் குப்பி வாங்கி சட்டையில தெளிச்சிட்டுக் கரை. ஒருத்தனும் ஒண்ணும் கேக்கமாட்டான்."

கரைவது என்றால் எங்கள் பக்கத்தில் அழுவது. பிரைட்டன் கேட்கவில்லை. தெரிந்த வழியிலேயே, முடிந்த மட்டும் அழுகையை அடக்கிப் பார்த்தான். அப்பா கல்குவாரியில் சம்மட்டி அடித்தவர். மகன் அழுதால் அதை நிறுத்த அவருக்கு ஒரே வைத்தியம்தான் தெரியும். கையில் எது இருந்தாலும் அதைக் கொண்டு அடிப்பார். ஆகவே அடக்குவது இவனுக்குப் புதிதல்ல. பல்லைக் கடித்து, தொண்டையை இறுக்கி, மூச்சைக் கீழே தள்ளி நிற்பான். முப்பது வருஷம் அது பாதிக்குப் பாதியாவது ஓடியது. போன ஓணத்துக்குப் பிறகு ஓடவில்லை. நெஞ்சுக்குள் வெப்ராளம், சொல்லத் தெரியாத ஒரு பதற்றம், வந்து அடைத்தது. தூக்கம் போனது. அப்புறம் கை நடுங்கத் தொடங்கியது.

பால் வெட்டுவது என்றால் மரத்தைக் கீறுவதல்ல. பட்டையை ஒரு நகத்தின் கனத்துக்குச் சீவ வேண்டும். குறைத்துச் சீவினால் பால் வராது. கூட்டிச் சீவினால் கத்தி உள்ளே இருக்கிற தடியில் போய் முட்டும். மரத்துக்குக் காயம். காயம் பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும்; பிறகு வருஷக்கணக்கில் அந்த இடத்தில் கத்தி வைக்க முடியாது. நடுங்குகிற கையோடு பிரைட்டன் இரண்டு மாதத்தில் பதினொரு மரத்தைக் காயப்படுத்தினான். ஜெபசீலன் சார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பதினொன்றுக்கும் வெள்ளைப் பெயிண்டில் பெருக்கல் குறி போட்டார். தப்பான கணக்குக்குப் போட்டுப் பழகிய கை.

பிரைட்டன் நாற்பது வருஷம் அழுததற்கு யாரும் வைத்தியம் தேடவில்லை. மரத்துக்கு வலித்ததும் ஊருக்கே வலித்தது. உபவாச ஜெபம் சொன்னார்கள், நல்லெண்ணெய் சொன்னார்கள், களியக்காவிளையைத் தாண்டி ஒரு வைத்தியர் தலையில் தைலம் வைப்பதைச் சொன்னார்கள். ஜெபசீலன் சார் தைலமெல்லாம் சொல்லவில்லை. நேராகச் சொன்னார்.

"எடேய் பிரைட்டா, ஒரு மாசம் தாறேன். இன்னும் ஒரு மரத்துக்குக் காயம் விழுந்துதுன்னா கத்திய மரியஜானுக்க கையில குடுத்திருவேன்."

மரியஜான் ஓடைக்கு அந்தப் பக்கம் வெட்டுகிறவன். கல்யாண வீட்டிலும் அழமாட்டான், சாவு வீட்டிலும் அழமாட்டான். நல்ல தொழிலாளி.

பிரைட்டனின் மகள் ஜினிஷா நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அவள்தான் அப்பாவை தக்கலைக்குக் கூட்டிக்கொண்டு போய், அரசு ஆஸ்பத்திரியில் சீட்டுப் போட்டு, ஒரு அறைக்கு முன்னால் பெஞ்சில் உட்கார வைத்தாள். கதவில் மனநல ஆலோசனை என்று எழுதியிருந்தது. பிரைட்டன் தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை எடுத்துத் தலையோடு போட்டுக்கொண்டான். ஜினிஷா அதைப் பிடுங்கி மடித்துத் தன் பைக்குள் வைத்தாள்.

உள்ளே நந்தனா என்று ஒரு பெண் இருந்தாள். முப்பது வயது இருக்காது. பிரைட்டன் நாற்காலியில் உட்கார்ந்தான், பெயர் சொன்னான், ஊர் சொன்னான், அழத் தொடங்கினான். சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் மூன்றிலிருந்து ஏழுக்குப் போகும்வரை அழுதான். அவள் அழாதீர்கள் என்று சொல்லவில்லை. ஆம்பிளை அழலாமா என்று கேட்கவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று மட்டும் ஒரு தடவை கேட்டாள். நாற்பத்து மூன்று வருஷத்தில் இவன் அழுது முடிக்கும்வரை எழுந்து போகாமல் இருந்த முதல் மனுஷி அவள். அதற்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாம் வியாழக்கிழமை அவன் அப்பாவைப் பற்றிச் சொன்னான். மூன்றாம் வியாழக்கிழமை மரங்களைப் பற்றிச் சொன்னான். நந்தனாவுக்குப் பால்வெட்டு தெரியாது. பட்டை எவ்வளவு கனம், கத்தி எந்தப் பக்கம் வளைந்திருக்கும் என்றெல்லாம் கேட்டாள். அவன் அவளுடைய பேனாவைக் கத்தியாகவும் மேசைக்காலை மரமாகவும் வைத்துக் காட்டிக்கொடுத்தான். அப்போது அவள் கேட்டாள்:

"அண்ணே, கை எப்போ நடுங்குது? கரையும்போதா, கரச்சில அடக்கும்போதா?"

பிரைட்டன் யோசித்தான். அவனிடம் இதை யாரும் கேட்டதில்லை. அவனும் கேட்டுக்கொண்டதில்லை.

"அடக்கும்பந்தான்."

"அப்போ அடக்காண்டாம். வருதுன்னு தெரிஞ்சா கத்திய மரத்தில இருந்து எடுத்திருங்க. நின்னு கரைஞ்சு முடியுங்க. பொறவு வெட்டுங்க."

இதற்காகவா இரண்டு பஸ் மாறி வந்தோம் என்று பிரைட்டனுக்கு இருந்தது. சிலருக்கு மனசின் தோல் மெலிசாக இருக்கும், அது வியாதியில்லை, அதைப் பூட்டி வைத்துத்தான் வியாதியாக்குகிறோம் என்றும் அவள் சொன்னாள். தைலக்காரர் இதைவிட நீளமாகப் பேசுவார். ஆனால் மறுநாள் விளையில் ஐம்பதாவது மரத்தடியில் காரணமில்லாமல் அழுகை வந்தபோது அவன் கத்தியை எடுத்துவிட்டு நின்றான். அழுதான். துடைத்தான். வெட்டினான். கத்தி வழுக்காமல் போனது. பால் சிரட்டைக்குள் நூல் பிடித்தாற்போல இறங்கியது. அந்த வாரம் ஒரு காயமும் இல்லை. அடுத்த வாரமும் இல்லை.

இந்த இடத்தில் கதை முடிந்திருக்கலாம். ஆனால் பிரைட்டனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது.

அவன் மனைவி பூங்கனி கெட்டவள் இல்லை. அண்டி ஆபீசில் முந்திரிக்கொட்டை உடைத்துக் கை கறுத்தவள். வியாழக்கிழமைதோறும் பிரைட்டன் வெளுத்த சட்டை போட்டு பஸ் ஏறுவதை சபையின் பெண்கள் சங்கத் தலைவி ஞானபாய் கவனித்துவிட்டாள். ஞானபாய் கவனிக்காத காரியம் எங்கள் ஊரில் நடந்ததாகக் கணக்கில்லை. ஆபீஸ் வாசலில் பூங்கனியை மறித்து, மாப்பிள்ளை எங்கே போகிறார் என்று கேட்டாள். பூங்கனிக்கு ஒரு மூச்சு விடும் நேரம்தான் இருந்தது. அந்த மூச்சுக்குள் அவள் மகளின் கல்யாணத்தைப் பார்த்தாள், ஜெபசீலன் சாரின் முகத்தைப் பார்த்தாள், மரியஜானின் கையில் கத்தியைப் பார்த்தாள். குடியை நிறுத்த மருந்து எடுக்கிறார் என்று சொல்லிவிட்டாள்.

ஞானபாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. பூங்கனியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் ஜெபக் குறிப்புகளை வாசித்தார். முதுகுவலி ஒன்று, விசா ஒன்று, கிணற்றுத் தகராறு ஒன்று. அடுத்து: "குடிப்பழக்கத்தின் கட்டிலிருந்து விடுதலை பெற சகோதரன் பிரைட்டனுக்காக."

ஆண்கள் பக்கத்தில் நாலாவது பெஞ்சில் இருந்த சகோதரன் பிரைட்டன் பின்னால் திரும்பிப் பார்த்தான், வேறு பிரைட்டன் யாரும் இருக்கிறானா என்று. இல்லை. எல்லோரும் இவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பார்வையை அவன் அதுவரை கண்டதில்லை. அவ்வளவு பாசம். வெளியே வந்ததும் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். எவ்வளவு காலமாக என்று விசாரித்தார்கள். எந்தச் சரக்கு என்று ஒருவர் ரகசியமாகக் கேட்டார். எல்லாவற்றையும்விட ஜெபசீலன் சார் அவன் தோளில் கை போட்டார். இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவை.

"குடிதானா? நான் வேற என்னமோன்னுல்லா பயந்துட்டேன். மண்டைக்கு வழியில்லாத ஒருத்தன கத்தியோட விளைக்குள்ள எப்படி விடமுடியும்? குடின்னா பரவாயில்ல. நான் பாத்துக்கிடுதேன்."

ஒரு மாதக் கெடுவையும் அங்கேயே நீக்கிவிட்டார்.

வீட்டுக்குப் போய் பிரைட்டன் சட்டியை எட்டி உதைக்கவில்லை. அழுதான். பூங்கனி அடுப்படியிலிருந்தே பேசினாள். அவளுக்கும் அழுகை வந்துதான் இருந்தது. அதைக் கோபமாக மாற்றிக்கொள்ள அவளுக்குத் தெரியும்.

"குடிகாரன் பெஞ்சாதின்னா ஊரு பாவம்னு சொல்லும். மண்டை சரியில்லாதவனுக்க மகள்னா அவள எவன் கெட்டுவான்? நீங்களே சொல்லுங்க."

அவள் சொன்னது நியாயம். எங்கள் ஊரில் குடிகாரனுக்கு மரியாதையான ஒரு இடம் உண்டு. அவன் திருந்துவதற்காக எல்லோரும் காத்திருக்கிறார்கள். அழுகிறவன் எதிலிருந்து திருந்துவான்?

பிறகு நடந்ததெல்லாம் தானாகவே நடந்தது. தெருவில் பார்ப்பவர்கள் இவனுக்கு எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள். உண்மையான குடிகாரர்களின் மனைவிமார் வந்து மருந்தின் பெயர் கேட்டார்கள். இவன் குடித்த காலத்துக்குச் சாட்சிகளும் கிடைத்தார்கள். பத்து வருஷத்துக்கு முன்பு ஓணத்துக்கு ஓடைக்கரையில் துணியில்லாமல் கிடந்ததைக் கண்ணால் கண்டதாக ஒருவர் சொன்னார். தூக்கிக்கொண்டு போய் வீட்டில் விட்டதே தான்தான் என்று இன்னொருவர் சொன்னார். இருவருக்கும் அதில் சின்னச் சண்டைகூட வந்தது.

மதுவிலக்கு ஞாயிறு வந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை குடியை விட்டவர் யாராவது மேலே ஏறிச் சாட்சி சொல்ல வேண்டும். போன இரண்டு வருஷமாக ஆள் கிடைக்கவில்லை. அதற்கு முந்தின வருஷம் சாட்சி சொன்னவர் அன்று சாயங்காலமே கலுங்கில் கிடந்தார். போதகர் பிரைட்டனைக் கேட்டார். பிரைட்டன் பேசத் தெரியாது என்றான். அதற்கும் வழி இருந்தது. சபைச் செயலாளர் ஜெபசீலன் சாரேதான். இரண்டு பக்கத்துக்கு அழகான கையெழுத்தில் சாட்சியை எழுதிக்கொண்டு விளைக்கே வந்து கொடுத்தார். வாசித்துப் பழகிக்கொள்ளச் சொன்னார். அதில் பிரைட்டன் பாவச் சேற்றில் புரண்டிருந்தான். தினமும் மனைவியை அடித்திருந்தான். பச்சைக் குழந்தையின் பால்பொடியை விற்றுக் குடித்திருந்தான். மனைவியின் தாலி மின்னையும் விற்றுக் குடித்திருந்தான்.

காகிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனான். ஜெபசீலன் சார் வரப்பில் நின்று கொண்டிருந்ததால் நெஞ்சில் வந்ததை அடக்கினான். கத்தி தடியில் போய் முட்டியது. மேல் வரிசையில், பன்னிரண்டாவது காயம். சார் போன பிறகு சாணியும் மண்ணும் குழைத்து அதன்மேல் பூசினான்.

வியாழக்கிழமை நந்தனாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் சிரிக்கவில்லை, சிரிப்பை அடக்க அவள் பட்ட பாடு அவனுக்கே தெரிந்தது. வாசித்தால் என்ன நடக்கும், வாசிக்காவிட்டால் என்ன நடக்கும் என்று கேட்டாள். வாசித்தால் வெட்ட மரம் இருக்கும், வெட்டுகிற கை இருக்காது. வாசிக்காவிட்டால் கை இருக்கும், மரம் இருக்காது. அப்படித்தான் சொன்னான். எது செய்ய வேண்டும் என்று அவளைக் கேட்டான். அதை மட்டும் சொல்லமாட்டேன் என்றாள். சம்பளம் எதற்கு வாங்குகிறாள் என்று அன்றைக்கு அவனுக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. ஓடைக்கரைச் சாட்சிகள் இருவரும் முன் பெஞ்சில். பூங்கனி பெண்கள் பக்கத்தில் ஞானபாய்க்கு அருகே முக்காட்டை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். பிரைட்டன் மேலே ஏறி, காகிதத்தை விரித்து, பாவச் சேற்றில் புரண்டேன் என்பதுவரை வாசித்தான். அடுத்த வரியில் மனைவியை அடித்திருந்தான். அங்கே நின்றான். காகிதம் ஆடியது. அதைக் கீழே வைத்துவிட்டு அழுதான்.

சபைக்கு மெய்சிலிர்த்துவிட்டது. மனந்திரும்புதல் என்றால் இதுவல்லவா. பின்னால் யாரோ ஸ்தோத்திரம் சொன்னார்கள். ஞானபாய் கைக்குட்டையை எடுத்தாள். ஜெபசீலன் சார் எழுதியவருக்கு உரிய அடக்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டார். பிரைட்டன் அவசரப்படவில்லை. முழுவதும் அழுது முடித்தான். கண்ணைத் துடைத்தான். அப்புறம் கை நடுங்காமல் மைக்கைப் பிடித்தான்.

"நான் குடிச்சதில்ல. ஒரு சொட்டும் குடிச்சதில்ல. எனக்குக் கரச்சில் வரும், சின்னதில இருந்தே வரும், எல்லாருக்கும் தெரியும். வியாழக்கிழமை தக்கலைக்குப் போறது மனசுக்குக் காட்ட. அங்க ஒரு பிள்ள இருக்கு, நான் சொல்லியத கேக்கும். இப்போ கொஞ்சம் கொள்ளாம், கை நடுங்கல்ல. பூங்கனிய நான் அடிச்சதில்ல. அது சார் எழுதினது."

இறங்கி வந்து நாலாவது பெஞ்சில் உட்கார்ந்தான். யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. போதகர் தொண்டையைக் கனைத்துவிட்டுப் பாட்டு எண்ணைச் சொன்னார். சபை எழுந்து நின்று பாடியது, சாவு வீட்டில் பாடுவதைப் போல.

வெளியே ஆட்கள் அவன் பக்கம் வராமல் விலகிச் சுற்றி நடந்தார்கள். ஏமாற்றம் நியாயம்தான், ஆறு வாரம் குடிகாரனுக்காக ஜெபித்துவிட்டு, குடிக்காதவனைக் கையில் கொடுத்தால் யார் வாங்குவார்கள்? ஞானபாய் பூங்கனியிடம், கர்த்தருடைய நேரத்தை வீணாக்கிவிட்டாய் என்றாள். பூங்கனி முக்காட்டை எடுத்துத் தோளில் போட்டாள்.

"உங்களுக்கு அவரு குடிகாரனா வேணும். எனக்கு வேண்டாம் அக்கா. நான் சொன்னது தப்புதான்."

படிக்கட்டில் ஜெபசீலன் சார் நின்றார். அவருக்குத் தன் எழுத்து பாதியில் நின்றதிலும் வருத்தம் இருந்தது.

"நீ குடிச்சிருக்கலாம்டேய்," என்றார். "குடிகாரன வச்சு நான் சமாளிச்சிருவேன்."

பிரைட்டன் மேல் வரிசையில் பன்னிரண்டாவது காயம் இருக்கிறது என்றான். மண் பூசி மறைத்து வைத்ததையும் சொன்னான். எப்போது விழுந்தது என்று சார் கேட்டார்.

"இந்த சாட்சிக் கடலாச நீங்க எழுதிக் கையில தந்த அன்னைக்கு, சாரே."

சார் படியிறங்கி வீட்டுக்கு நடந்தார். அன்று மத்தியானமே மரியஜானை ஆள் விட்டு அழைத்தார். மரியஜான் வந்து, தான் கத்தியை வீசிவிட்டு போன மாதமே களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கட்டட வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னான். வேறு இரண்டு பேரைக் கேட்டார். ஒருவனுக்கு முட்டுவலி. இன்னொருவனுக்குக் குடி. அவனை வைத்துச் சமாளித்துவிடுவதாக நினைத்துத்தான் கேட்டார். அவன் காலையில் எழுந்திருக்கவே இல்லை. ஐந்து நாள் மரங்கள் சும்மா நின்றன. ஆறாம் நாள் ஜெபசீலன் சார் பிரைட்டனின் வீட்டுக்கு வந்து, மரத்தைப் போட்டுவைக்க முடியாது என்று முற்றத்தைப் பார்த்துச் சொன்னார். கருணை உண்டாக வேறு காரணம் தேட வேண்டாம். பால்வெட்டுக்கு இப்போது ஆள் கிடையாது. ஆனால் ஒரு நிபந்தனை. கொஞ்ச நாள் தானும் கூட வந்து நிற்பேன் என்றார். கத்தியும் கையுமாக இருக்கிற ஆளை நம்ப முடியாதே.

அப்படித்தான் மறுநாள் விடியுமுன் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் காதில் மப்ளர் சுற்றிக்கொண்டு, கையில் டார்ச்சோடு, பதினைந்தடி தள்ளி நின்று பால்வெட்டுக்குக் காவல் காத்தார். நாற்பது மரம்வரை ஒன்றும் நடக்கவில்லை. நாற்பத்தொன்றாவது மரத்தில் பிரைட்டன் கத்தியை எடுத்துவிட்டு நின்றான். அழத் தொடங்கினான். சார் இரண்டடி பின்னால் போனார். டார்ச்சை அவன் முகத்தில் அடித்தார். பிறகு வாட்ச்சில் அடித்துப் பார்த்தார்.

"மூணு நிமிஷம் ஆச்சுடேய்."

"இன்னும் கொஞ்சம் இருக்கு, சாரே."

சார் டார்ச்சை அணைத்துவிட்டு நின்றார். பேட்டரி தீர்ந்துபோகுமே என்றுதான்.